வடிவது நின்றுவிட்டால் குணமாகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எங்கள் ஜூலிக்கு 11 வயது. பொமேரியன், எடை 9.5 கிலோ. குட்டி போட்டதில்லை. ஆறு வாரம் முன்பு ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனது. அதன் பிறகு ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுப்புகிறாள். போன வாரம் பின்புறம் காபி நிறத்தில் நாற்றத்தோடு வடிந்தது. ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் சீழ், ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வெள்ளை அணு 38,000, கிரியேட்டினின் 1.9, தட்டணு 1.4 லட்சம். இதயத்தில் 'மர்மர்' இருக்கிறது, மூன்றாம் நிலை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து நாள் ஊசி போட்டதில் நேற்றிலிருந்து வடிவது நின்றுவிட்டது. ஆனால் சோற்றைத் தொடவில்லை, வயிறு உப்பினாற்போல் இருக்கிறது. 'வயசான ஜீவன், கத்தி வைக்காதே, இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்' என்கிறார் மாமியார். மருந்திலேயே சமாளிக்க முடியாதா? ஆபரேஷன் செய்தால் தாங்குவாளா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?
— வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடித்த பிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த இரண்டு பத்தியைப் படியுங்கள், மிச்சத்தை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

வடிவது நின்றுவிட்டது என்று நீங்கள் ஆறுதலோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மோசமான செய்தி அதுதான். சீழ் குறைந்து வடிவது நின்றிருந்தால் ஜூலி சாப்பிட்டிருப்பாள், வயிறும் வற்றியிருக்கும். சோறு இறங்கவில்லை, வயிறு உப்புகிறது என்றால் சீழ் குறையவில்லை, கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்திருந்தவரை பாதியாவது வெளியே வந்தது. இப்போது சேர்வதெல்லாம் உள்ளேயே தங்கி, நஞ்சு ரத்தத்தில் ஏறும். பை எந்நேரமும் கிழியலாம். ஆகவே இன்றே கிளம்புங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவரிடம் வாயு மயக்கம் கொடுக்கும் வசதி இருந்தால் அங்கேயே செய்யலாம். இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். இந்த நேரத்தில் அவசர அறுவை உண்டா என்று மட்டும் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தூக்கும்போது வயிற்றுக்கடியில் கை கொடுக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை பின்தொடைக்குப் பின்னால். இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து பைக்கில் கொண்டு போகவே கூடாது. கார் அல்லது ஆட்டோ, இருக்கையில் பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல். தெம்புக்கு என்று பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராத்திரி எழுப்புகிறாளே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் இந்தச் சீழில் இருப்பது ஈ.கோலை கிருமி. அதன் நஞ்சு, சிறுநீரைக் கெட்டியாக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சைச் சிறுநீரகம் கேட்காமல் செய்துவிடுகிறது. சிறுநீர் தண்ணீராகப் போகிறது, அதை ஈடுகட்டத்தான் அவள் குடிக்கிறாள். குடிநீரைக் குறைத்தால் ஏற்கெனவே 1.9-இல் நிற்கும் கிரியேட்டினின் (சிறுநீரகம் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகிறதா என்று காட்டும் ரத்த அளவு) இன்னும் ஏறும்.

இனி, மருந்திலேயே சமாளிக்க முடியாதா என்ற கேள்வி. பெண் நாய்க்கு ஹீட் முடிந்ததும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துச் சுரக்க வைக்கும், பை சுருங்காமல் பார்த்துக்கொள்ளும், அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். கிருமிக்கு விருந்து வைத்த மாதிரிதான். ஒவ்வொரு ஹீட்டிலும் இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் வயதான, குட்டி போடாத நாய்களுக்கு, ஹீட் முடிந்த இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் இந்த நோய் வருகிறது. ஜூலியின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஓடும் கிருமியைக் கொல்லும், பைக்குள் தேங்கிய சீழுக்குள் போதிய அளவில் போய்ச் சேராது. அதனால் காய்ச்சல் இறங்கும், இரண்டு நாள் முகம் தெளியும், பிறகு பழையபடி ஆகும். புரோஜெஸ்டெரோனைத் தடுக்கும் அக்லெப்ரிஸ்டோன், பையைச் சுருக்கும் புரோஸ்டகிளான்டின் என்று ஊசிகள் உண்டு. அவை பெரும்பாலும், குட்டி எடுக்க வேண்டிய இளம் நாய்க்கு, வாய் திறந்திருக்கும்போது. அப்போதும் அடுத்த ஹீட்டில் திரும்பி வருவது சகஜம். வாய் மூடிய பையைச் சுருக்கினால் சீழ் வயிற்றுக்குள் கசியலாம், பையே கிழியலாம். ஜூலிக்கு அது வழியில்லை.

மாமியார் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் 'இருக்கிறவரைக்கும்' என்பது இந்த நோயில் சில நாட்கள்தான், அதுவும் வாந்தியும் வயிற்றுவலியும் நடுக்கமுமாகப் போகும் நாட்கள். அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தாங்குவாளா என்பதற்கு 11 என்ற எண்ணில் பதில் இல்லை, நீங்கள் எழுதிய மற்ற நான்கு விவரங்களில் இருக்கிறது. நாய்க்கு வெள்ளை அணுவின் மேல் எல்லை சுமார் 17,000. 38,000 என்றால் உடம்பு இன்னும் சண்டை போடுகிறது. இது திடீரென்று 4,000-க்கு இறங்கினால்தான் பதற வேண்டும், படை தீர்ந்துவிட்டது என்று பொருள். கிரியேட்டினின் 1.9 லேசான ஏற்றம். நீர் வற்றியதாலும் நஞ்சாலும் ஏறியிருக்கலாம், டிரிப்ஸ் ஏற்றியபின் மறுபடி பார்த்தால்தான் தெரியும். ரத்தம் உறைய உதவும் தட்டணு 1.4 லட்சம் கொஞ்சம் குறைவு. நம் பக்கத்தில் இதைப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தட்டணுக்கள் கட்டிக் கட்டியாகச் சேர்ந்திருந்தால் மெஷின் குறைத்து எண்ணியிருக்கும். 50,000-க்குக் கீழே போனால்தான் ரத்தம் நிற்குமா என்ற கவலை பெரிதாகும். 1.4 லட்சத்தில் கத்தி வைக்கலாம்.

மர்மர் என்பது ஆறு நிலைகளில் மூன்றாவது. இந்த வயதுச் சிறு நாய்க்குப் பெரும்பாலும் இதயத்தின் மைட்ரல் வால்வு தேய்ந்ததால் வரும் ஓசை அது. (நம் ஊரில் பொமேரியன் என்று விற்பது அநேகமாக இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அசல் பொமேரியன் மூன்று கிலோவைத் தாண்டினாலே அதிகம். எனவே 9.5 கிலோவைப் பார்த்து ஜூலி குண்டு என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.) தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருந்து, இருமலும் இல்லையென்றால் இந்த மர்மர் அறுவையைத் தடுக்காது. ஆனால் மயக்கம் கொடுக்கும் முறையை அது மாற்றும், டிரிப்ஸின் வேகத்தையும் மாற்றும். சாதாரண நாய்க்கு மயக்கத்தின்போது கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி. ஏற்றுவார்கள், இதய நோயாளிக்கு அதில் பாதி அளவு. கைக்கணக்கில் ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

மருத்துவரிடம் இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: மயக்கம் எதில் கொடுக்கிறீர்கள், மூச்சுக்குழாயில் டியூப் வைப்பீர்களா, அறுக்கிறவரைத் தவிர மயக்கத்தை மட்டும் பார்க்க ஒருவர் இருப்பாரா. சைலசின் கெட்டமின் ஊசி மட்டும் போட்டு முடித்துவிடுவது இளசான, ஆரோக்கியமான நாய்க்குச் சரி. சைலசின் இதயத் துடிப்பை வெகுவாகக் குறைக்கும். இதயம் பழுதாகி, ரத்தத்தில் நஞ்சும் ஏறிய கிழட்டு நாய்க்கு அது வேண்டாம். புரோபோஃபால் போன்ற ஊசியைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தூங்க வைத்து, டியூப் வழியே ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்திருப்பது பாதுகாப்பு. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஹீட் வராமல் இருக்கவோ, தெருநாயோடு சேர்ந்துவிட்டதென்று கர்ப்பம் கலைக்கவோ முன்பு ஏதாவது ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த நோய் வரும் வாய்ப்பை அந்த ஊசிகளில் சில கூட்டும்.

சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால், வயிற்றில் ஊசி குத்தி எடுக்கும் முறை இப்போது வேண்டாம், ஊசி சீழ்ப்பையைக் குத்திவிடும்.

சேர்த்தவுடன் மேசைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சில மணி நேரம் டிரிப்ஸ், நரம்பில் ஆன்டிபயாடிக், சர்க்கரை குறைந்திருந்தால் குளுக்கோஸ். இந்தச் சில மணி நேரம் வீணல்ல, நீர் வற்றிய உடம்போடு மயக்கத்துக்குப் போவதுதான் ஆபத்து. ஆனால் 'இரண்டு நாள் தேற்றிவிட்டுப் பார்ப்போம்' என்று இழுத்தால் சம்மதிக்காதீர்கள். அறுவையில் இரண்டு கருவகங்களோடு (சினைப்பைகள்) முழுக் கர்ப்பப்பையையும் எடுப்பார்கள். எடுத்ததைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு கிளை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கருவகம் இருக்க வேண்டும். கருவகத்தில் ஒரு துண்டு உள்ளே தங்கினால் மறுபடி ஹீட் வரும், மிஞ்சிய அடிக்கட்டையில் மறுபடி சீழும் பிடிக்கலாம். வெளியான ஆய்வுகளில் இந்த அறுவையில் இறப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்குள், சிலவற்றில் பத்து வரை. பை உடைந்தபின் செய்தால் அது பல மடங்கு. முடிந்தால் ஒரு நாளாவது மருத்துவமனையிலேயே வைத்திருங்கள்.

அறுவையில் ஆகும் ஒன்றிரண்டு மணி நேரத்தைத்தான் எல்லோரும் நினைத்துப் பயப்படுகிறார்கள். நாய் வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் இரண்டு இரவில்தான் கவனம் அதிகம் வேண்டும். மயக்கம் தெளிந்த நாய் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரியான அளவு. 99-க்குக் கீழே இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி முதுகுப் பக்கம் அணைத்து வையுங்கள், வெறும் பாட்டிலை ஒட்டி வைத்தால் மயக்கத்தில் நகரத் தெரியாமல் தோல் வெந்துவிடும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள், இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஸ்பிட்ஸ் இனத்துக்குச் சில சமயம் ஈறு கறுத்திருக்கும், அப்போது கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள். வெளுத்துக்கொண்டே போய், வயிறும் பெருத்தால் உள்ளே ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவி ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான். மயக்கம் தெளியும்போது ஊளையிடுவது எல்லாம் வலியல்ல. படுக்காமல் முதுகை வளைத்து நிற்பது, குளிர்ந்த அறையிலும் இரைப்பது, வயிற்றைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பது, இவைதான் வலி.

பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும், எப்போது போனாள் என்று குறித்து வையுங்கள். ஒரு நாள் முழுக்கப் போகவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் மூன்று நான்கு நாள் வராவிட்டால் பரவாயில்லை, வயிறு காலியாகத்தானே இருந்தது. பின்புறம் இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தக்கறை படலாம்.

வலி தாங்காமல் முனகினால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஐப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் குடலில் புண் போடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மெலாக்சிகாம் நாய்க்குத் தரும் மருந்துதான், ஆனால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி., ஜூலிக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் 15 மி.கி. மாத்திரை ஒன்று அவளுக்குப் பதினைந்து நாள் அளவு. கிரியேட்டினின் இறங்கியதை உறுதி செய்யும்வரை அந்த ஒரு மில்லிகிராமும் வேண்டாம், டிரமடால், புபிரெனார்ஃபின் போன்றவற்றை மருத்துவர் எழுதுவார். ஆன்டிபயாடிக்கை முகம் தெளிந்ததும் நிறுத்திவிடாமல், எழுதிய நாள்வரை கொடுங்கள். அவித்த மஞ்சள் கருவுக்குள்ளோ இட்லித் துண்டுக்குள்ளோ மாத்திரையைப் புதைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

சாப்பாடு. 9.5 கிலோ நாய் அசையாமல் படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 380 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழு அளவு. எலும்பில்லாத வேகவைத்த கோழி 110 கிராம், குழைந்த சோறு 100 கிராம், ஒரு முட்டை சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். வீட்டில் கறி சமைப்பதில்லை என்றால் இரண்டு முட்டை, 100 கிராம் தயிர், 140 கிராம் சோறு. வெறும் தயிர்சாதத்தில் காயம் ஆறாது, புரதம் வேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது, ரசம் ஊற்றிப் பிசைந்தது வேண்டவே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக எண் தெளியும்வரை அதையும் ஒதுக்குங்கள். ஐந்து வேளையாகப் பிரித்து, கைச்சூட்டில் கொடுங்கள். உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் ஒழுக, தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினால் அது அடமல்ல, குமட்டல். வாந்தியை நிறுத்தும் மரோபிடன்ட் பற்றிக் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நாய்க்குச் சிரிஞ்சில் கஞ்சி புகட்டினால் நுரையீரலுக்குப் போகும்.

காயத்துக்கு எதிரிகள் இரண்டு, அவள் நாக்கும் ஈயும். கழுத்தில் மாட்டும் கோன், மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும், கழுத்தோரம் இரண்டு விரல் நுழைய வேண்டும். 'பாவமாக இருக்கிறது' என்று பத்து நிமிடம் கழற்றி வைத்த வீடுகளில்தான் தையல் பிரிகிறது. சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றலாம். ஈ விஷயத்தில் நம் ஊரில் அலட்சியமே கூடாது. கசிவுள்ள காயத்திலோ சிறுநீர் பட்டு ஈரமான ரோமத்திலோ ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், ஈரமான விரிப்பை உடனே மாற்றுங்கள், பின்தொடை ரோமத்தை மருத்துவமனையிலேயே மழித்துவிடச் சொல்லுங்கள். மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய், டெட்டால் எதுவும் தையல் மேல் பட வேண்டாம். 14 நாள் குளிப்பாட்டக் கூடாது. தினமும் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால், நேற்றைவிடச் சிவந்திருக்கிறதா என்று வாதாட வேண்டியிருக்காது. தையலோரம் கல் மாதிரி சிறு தடிப்பு இருக்கலாம். சூடாகி, சிவந்து, கசிந்து நாறினால் சீழ். மழித்த ரோமம் ஸ்பிட்ஸுக்கு மெதுவாகத்தான் வளரும், பல மாதம்கூட ஆகலாம்.

டைல்ஸ் தரையில் பின்கால் விரிந்து வழுக்கினால் தையல் இழுபடும், நடக்கும் வழியெல்லாம் தேங்காய்நார் விரிப்போ கோணியோ போடுங்கள். கட்டில், படி இரண்டும் வேண்டாம். சங்கிலி மாட்டி ஐந்து நிமிட நடை, ஒரு நாளைக்கு நாலு முறை. வெளியே தூக்கிப் போவதானால் வயிற்றுக்கடியில் துண்டு கொடுக்காமல், மருத்துவமனைக்குக் கிளம்பும்போது சொன்னபடியே தூக்குங்கள்.

இதய நாய்க்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் சரி. இரண்டு முறை எண்ணியும் 40-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கிறதோ என்று பார்க்க அன்றே போக வேண்டும். அதே அவசரம் இவற்றுக்கும்: மூன்று முறைக்கு மேல் வாந்தி, ஒரு நாள் முழுக்க எதுவும் தொடாமல் இருப்பது, 103-க்கு மேல் காய்ச்சல், நிற்க முடியாமல் சாய்வது.

ஏழு முதல் பத்தாவது நாளுக்குள் ரத்தத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், கூடவே சிறுநீரின் அடர்த்தியும். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து வைத்து, மறுநாள் காலை மிச்சத்தைக் கழித்தால் அவள் குடித்த கணக்கு வரும். 9.5 கிலோவுக்கு 500, 600 மி.லி. இயல்பு, 950-ஐத் தாண்டினால் அதிகம். இரண்டு மூன்று வாரத்தில் இது இறங்க வேண்டும். இறங்கவில்லை, கிரியேட்டினினும் நிற்கிறது என்றால் சிறுநீரகம் முன்பே பழுதாகியிருந்தது என்று பொருள், சாப்பாட்டை அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். இதயத்தை எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள். அளவில் பெரிதாகியிருந்தால் இதயத்துக்கான பிமோபென்டன் மாத்திரையை அப்போதே தொடங்கலாம். அந்த நிலையில் தொடங்கினால் இதயம் செயலிழப்பது ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிதாகாமல் வெறும் மர்மர் என்றால் மாத்திரை தேவையில்லை.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். வயிற்றைத் திறந்தபின் பரவிய புற்றுநோயோ, கிழிந்து வயிறெங்கும் சீழோ இருந்தால் என்ன செய்வது? எழுப்பாமல் அந்தத் தூக்கத்திலேயே அனுப்பிவிடலாம் என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். மேசையில் இருக்கும்போது அவர் கூப்பிட்டு, குடும்பத்தோடு யோசித்துச் சொல்கிறோம் என்று நீங்கள் சொல்லும் நிலை வரக் கூடாது.

கருத்தடை செய்யாத நாய் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் அதிகம் இல்லாதிருந்த ஸ்வீடனில், பத்து வயதுக்குள் பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் வந்ததாகப் பதிவு. 'ஒரு ஈத்தாவது போடட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருப்பதால் நாய் இந்த நோயிலிருந்து தப்பிவிடாது.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் தையல் பிரிக்கப் போவீர்கள். அன்றைக்கு ஜூலியை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்க மடிக்காம்பு வரிசையையும் மேலிருந்து கீழ்வரை விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் கருத்தடை இல்லாத நாய்க்கு அங்கே பட்டாணி அளவு கட்டி இருந்தால் வியப்பில்லை. அறுவைக்கு முன்பே அது கண்ணில் பட்டாலும் சீழோடு சேர்த்து எடுக்கச் சொல்லி மயக்க நேரத்தை நீட்ட வேண்டாம். அளந்து குறித்துக்கொண்டு, ரத்தம் தெளிந்த பிறகு தனியாக எடுக்கலாம்.